கோட்டுக்குக் கீழே எழுதியவர் யார்?

கேரள-தமிழக எல்லையில் இருக்கும் பாறசாலையில் ஞாயிறு பள்ளி நடத்தும் ஒரு டீச்சர் கேட்டது இது. வீட்டில் இருப்பது பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு) தமிழ் வேதாகமம். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். கல்ஃபில் இருக்கும் அண்ணன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஆங்கிலத்தில் நல்ல ஸ்டடி பைபிள் (வசனத்துக்குக் கீழே விளக்கக் குறிப்புகள் அச்சிட்ட வேதாகமம்) வாங்கி வருகிறேன், எது வேண்டும் என்று கேட்கிறார். மாமா பெந்தெகொஸ்தே சபைக்காரர். தமிழில் குறிப்புகளோடு வந்த ஒன்றை ஏற்கெனவே கையில் கொடுத்துவிட்டார். சபையில் ஒரு பெரியவரோ, "குறிப்பெல்லாம் மனுஷன் எழுதினது, ஆவியை அணைச்சிரும்" என்கிறார். இதில் எதை எடுப்பது? கன்வென்ஷன் பந்தலில் குவித்து விற்கும் மற்ற புத்தகங்களை எப்படித் தரம் பார்ப்பது?

டீச்சர், பெரியவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வது பாதி சரி. குறிப்பு மனுஷன் எழுதியதுதான். ஆனால் அவர் மடியில் இருக்கிற வேதாகமத்திலும் மனுஷன் சேர்த்தது கொஞ்சநஞ்சமில்லை. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. ஸ்டீஃபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயரின் வேலை என்பார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் சொல்லும் வசன எண்களை 1551-இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர். பத்திகளுக்கு மேல் கொட்டை எழுத்தில் வரும் தலைப்புகள் அந்தந்தப் பதிப்பகத்தாருடையவை. (சங்கீதத்தின் தலையில் வரும் "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட தாவீதின் சங்கீதம்" மட்டும் வேறு கணக்கு. அது எபிரெய மூலத்திலேயே இருக்கிறது.) அப்புறம், அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி, "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டதும் பிலிப்பு ரதத்தில் ஏறி உட்கார்ந்து சொன்னாரே, அது ஏசாயா 53-க்கு ஒரு விளக்கவுரைதான். ஆகவே குறிப்பே கூடாது என்ற பேச்சை விடுங்கள். யாருடைய குறிப்பு என்பதுதான் பேச வேண்டியது.

நம் ஆட்களுக்குக் குறிப்பு என்றாலே ஒரு கூச்சம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1804-இல் லண்டனில் வேதாகமச் சங்கம் தொடங்கியபோதே, குறிப்போ விளக்கமோ இல்லாமல் வசனத்தை மட்டும் அச்சிடுவது என்று விதி வைத்தார்கள். பல சபைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து நடத்துகிற சங்கம் அது. வசனத்தில் எல்லோரும் ஒத்துப்போவார்கள், குறிப்பு எழுத ஆரம்பித்தால் அன்றைக்கே சங்கம் உடையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குமரிப் பக்கம் மயிலாடியில் 1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் என்ற மிஷனரி தொடங்கிவைத்த லண்டன் மிஷன் வழியில் வந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தோம். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கே தலைகீழ். அவர்களுடைய திருச்சபைச் சட்டப்படி, வேதாகம மொழிபெயர்ப்பு என்றால் ஆயர்களின் அனுமதியும் வேண்டும், போதுமான விளக்கக் குறிப்பும் வேண்டும். 1995-இல் வந்த திருவிவிலியத்தைப் புரட்டினால் அடிக்குறிப்புகளைப் பார்க்கலாம். இரண்டு தரப்புக்கும் ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: சபைகள் மோதிக்கொள்ளும் இடம் பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

அரசர்களுக்கும் அது தெரிந்திருந்தது. 1560-இல் வந்த ஜெனீவா பைபிள்தான் ஆங்கிலத்தில் வீட்டுக்கு வீடு போன முதல் ஸ்டடி பைபிள் என்று சொல்லலாம், ஓரமெல்லாம் குறிப்பு. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் பார்வோனின் கட்டளையை மீறி மருத்துவச்சிகள் ஆண் குழந்தைகளை உயிரோடு விட்டார்கள் அல்லவா? அந்த இடத்தில், அவர்கள் கீழ்ப்படியாதது நியாயம், பொய் சொன்னதுதான் தப்பு என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். ராஜா சொன்னாலும் மீறலாம் என்று வேதாகமத்தின் ஓரத்திலேயே அச்சடித்து வைத்திருந்தால் எந்த ராஜாவுக்குப் பிடிக்கும்? 1604-இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் கூடிய மாநாட்டில் ஜேம்ஸ் அரசர் இந்தக் குறிப்பையே எடுத்துக்காட்டிக் கோபப்பட்டார். 1611-இல் அவர் பெயரில் வந்த பைபிளில் அந்த மாதிரி விளக்கக் குறிப்புக்கு இடமில்லாமல் போனது இதனால்தான். என்னைக் கேட்டால் அந்த ஜெனீவாக் குறிப்பு நல்ல குறிப்பு. ஆனால் அதுவும் ஒரு சண்டைக்குள் நின்றுகொண்டு எழுதியது.

எல்லா ஸ்டடி பைபிளும் அப்படித்தான். எழுதியவர் எந்த ஊர், எந்தக் காலம், எந்தச் சண்டைக்குள் நின்றார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம் பக்கம் ரொம்பவும் பாதித்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கர் 1909-இல் ஒரு குறிப்பு வேதாகமம் கொண்டுவந்தார். 1917-இல் திருத்திய பதிப்பு. அவர் முதலில் வக்கீல், அப்புறம்தான் போதகர். மனித வரலாற்றை ஏழு காலங்களாகப் பிரித்து, சபை தனி, இஸ்ரவேல் தனி என்று கோடு போட்டு விளக்கினார். அந்தப் பார்வை அதற்கு முன்பே பிரதரன் என்ற சபைக் கூட்டத்தாரிடம் இருந்ததுதான். இவர் அதைப் பக்கத்துக்குப் பக்கம் வசனத்தின் காலடியில் வைத்ததால், வாசிக்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. கேரளத்திலும் குமரியிலும் பிரதரன், பெந்தெகொஸ்தே கூட்டங்களில் துணியில் வரைந்து தொங்கவிடும் "ஏழு யுகங்கள்" படம் பார்த்திருப்பீர்கள். அதை வேதாகமமே நேராகச் சொல்கிறது என்று நம்புகிறவர்கள் நிறைய. அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் அது ஒரு விளக்கம்.

அதே பதிப்பில் ஆதியாகமம் 9-க்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? நோவாவின் மகன் காமின் வழியில் தாழ்ந்த, அடிமைப்பட்ட சந்ததி வரும் என்பது தீர்க்கதரிசன அறிவிப்பு என்று இருக்கிறது. இப்போது கோட்டுக்கு மேலே பாருங்கள். "கானான் சபிக்கப்பட்டவன்" என்றுதான் வசனம். சபிக்கப்பட்டவன் காம் அல்ல, அவன் மகன்களில் ஒருவன். சொன்னவர் கர்த்தரும் அல்ல, திராட்சரச மயக்கம் தெளிந்து எழுந்த நோவா. இதிலிருந்து ஒரு பெரிய மக்கள் கூட்டமே அடிமைக்குப் பிறந்தது என்று எழுத, அதற்கு ஏற்ற ஊரும் காலமும் வேண்டும். அமெரிக்காவில் அந்த நாளில் இரண்டும் இருந்தன. டேக் என்ற அமெரிக்கரின் 1963 குறிப்பு வேதாகமத்தில் இன்னும் மோசம்: இனங்கள் கலக்காமல் இருக்கவேண்டும் என்பதற்கு முப்பது காரணங்களை வரிசைபோட்டு எழுதியிருந்தார். பிற்காலப் பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள்.

இதை நாம் எங்கே உட்கார்ந்து வாசிக்கிறோம் என்று யோசியுங்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்து அரசு உத்தரவு வந்தது 1855-இல். நம் பாட்டிமாரின் பாட்டிமார் தோள்சீலை போட்டதற்காகச் சந்தையில் அடிபட்டு, துணி கிழிபட்டு, கடைசியில் 1859-இல்தான் மேலாடை போட்டுக்கொள்ளும் உரிமை அந்தப் பெண்கள் எல்லோருக்கும் அரசு உத்தரவாக வந்தது. அந்த வழியில் வந்த ஒரு பிள்ளை ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருக்க, "சில ஜாதி அடிமைக்கென்றே படைக்கப்பட்டது, வேதத்திலேயே இருக்கு" என்று ஒரு டீச்சர் குறிப்பைப் பார்த்து வாசித்தால் எப்படி இருக்கும்? இது வெறும் கற்பனை பயம் இல்லை. ஸ்கோஃபீல்டின் 1917 குறிப்பு இன்று போனில் இலவசமாகக் கிடைக்கிறது.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசச் செயலிகளில் கிடைக்கும் விளக்கவுரைகளில் பெரும்பாலானவை காப்புரிமைக் காலம் முடிந்தவை, அதனால்தான் இலவசம். அவற்றில் ஒன்றை எழுதிய மத்தேயு ஹென்றி நல்ல போதகர், பக்திக்கு இன்றும் வாசிக்கலாம். ஆனால் அவர் இறந்தது 1714-இல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற மிஷனரி சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் அச்சில் கொண்டுவந்த அதே வருஷம். ஹென்றியின் விளக்கவுரையும் அப்போஸ்தலர் நடபடிகளோடு நின்றுபோனது. மிச்சத்தை மற்றவர்கள் எழுதி முடித்தார்கள். மிகப் பழைய வேதாகமப் பிரதிகள் அடங்கிய சவக்கடல் சுருள்கள் 1947-இல்தான் கிடைத்தன. அதற்கு முன்னால் எழுதியவரிடம் அதைப்பற்றி எதிர்பார்க்க முடியாது. பழைய உரை என்றால் ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, வருஷத்தைப் பார்த்துவிட்டு வாசியுங்கள்.

சரி, கடையில் ஒரு ஸ்டடி பைபிளைக் கையில் எடுத்தால் என்ன செய்வது? அட்டையையும் வரைபடத்தையும் பார்த்து மயங்கவேண்டாம். முதல் பக்கங்களில் குறிப்பு எழுதியவர் ஒருவரா, குழுவா, எந்தச் சபைப் பின்னணி என்று பாருங்கள். அதற்கப்புறம் நேராகச் சபைகள் ஒத்துப்போகாத இடங்களைத் திருப்புங்கள். யோவான் 3:16-க்கு எல்லோரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். அதை வைத்து எதுவும் தெரியாது.

நான் முதலில் திருப்புவது எபிரெயர் 6. "ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும்" மறுதலித்துப்போனவர்களைப் பற்றிய இடம். இவர்கள் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டவர்களா, இல்லையா? ஜான் மெக்கார்தர் என்ற அமெரிக்கப் போதகரின் மெக்கார்தர் ஸ்டடி பைபிள் (1997) இவர்கள் உண்மையான விசுவாசிகளே அல்ல என்று சொல்லும். பிரேசிலில் ஊழியம் செய்த அசெம்பிளிஸ் ஆஃப் காட் (பெந்தெகொஸ்தே சபை) மிஷனரி டொனால்டு ஸ்டாம்ப்ஸ் குறிப்பெழுதிய ஃபுல் லைஃப் ஸ்டடி பைபிள் (1992), உண்மையான விசுவாசியும் விழுந்துபோகலாம் என்று எச்சரிக்கும். இரண்டு பேரும் தங்கள் நம்பிக்கைப்படிதான் எழுதுகிறார்கள், அதில் தப்பில்லை. நீங்கள் பார்க்கவேண்டியது வேறு: இந்த இடத்தை வேறுவிதமாகப் புரிந்துகொள்ளும் கிறிஸ்தவர்களும் உண்டு என்று அந்தக் குறிப்பு சொல்கிறதா? அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வரியாவது நேர்மையாக எழுதுகிறதா? ஒரே முடிவை, வேறு வழியே இல்லாததுபோல எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தில் நீங்கள் ஒரு சபையின் பாடப்புத்தகத்தை வாசிக்கிறீர்கள். வாசிக்கலாம், ஆனால் தெரிந்தே வாசிக்கவேண்டும்.

அதேபோல 1 கொரிந்தியர் 13-இல் "நிறைவானது வரும்போது" என்ற இடம். அந்நியபாஷை நின்றுவிட்டதா, தொடர்கிறதா என்பதில் உங்கள் மாமாவின் சபைக்கும் மெக்கார்தருக்கும் ஏழாம் பொருத்தம். வெளிப்படுத்தின விசேஷம் 20-இல் ஆயிரம் வருஷ அரசாட்சியையும் பாருங்கள். அங்கே எத்தனை பார்வைகளைச் சொல்கிறார்கள் என்பதிலேயே புத்தகத்தின் சாயல் தெரிந்துவிடும்.

இன்னொரு இடத்துக்கு எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னையில் இருப்பவருக்கு அது இல்லை. 1 யோவான் 5:7. உங்கள் வீட்டுப் பழைய திருப்புதலை எடுங்கள்: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." இப்போது சத்யவேதபுஸ்தகம் என்று நாம் படித்த 1910 மலையாளப் பதிப்பைத் திறந்து அதே இடத்தைப் பாருங்கள். ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்று சாட்சிகள் மட்டும் இருக்கும். பரலோகத்தில் சாட்சியிடும் மூவர் இல்லை. ஒரே மேஜைமேல் இரண்டு வேதாகமம், இரண்டு விதம். காலையில் தமிழ் ஆராதனை, அடுத்து மலையாள ஆராதனை என்று நடக்கும் சபையில் பன்னிரண்டு வயசுப் பிள்ளை இதைக் கண்டுபிடித்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நடந்தது இதுதான். அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. லத்தீன் வழியாக வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது கிடையாது, எதிர்ப்பு கிளம்பியதும் 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த வழி வந்த பாடம்தான் ஜேம்ஸ் அரசர் பைபிளிலும் நம் பழைய திருப்புதலிலும் இருக்கிறது. திரித்துவ நம்பிக்கை இந்த ஒரு வரியில் தொங்கவில்லை. மத்தேயு 28:19-உம் 2 கொரிந்தியர் 13:14-உம் எல்லாப் பிரதியிலும் இருக்கின்றன. நல்ல ஸ்டடி பைபிள் இதை நாலு வரியில் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகும். மோசமான ஒன்று மறைக்கும், இல்லாவிட்டால் "சாத்தான் வசனத்தை நீக்கிவிட்டான்" என்று கூப்பாடு போடும். மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களையும் இதேபோலச் சோதிக்கலாம்.

மாமா கொடுத்த தமிழ்ப் புத்தகத்துக்கு வருவோம். தமிழில் குறிப்போடு வரும் வேதாகமங்களில் பல, ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கிப் பழைய திருப்புதலின் கீழே ஒட்டியவை. இதில் ஒரு சிக்கல் உண்டு. கீழே குறிப்பு, "இந்த வசனம் பழைமையான பிரதிகளில் காணப்படவில்லை" என்று சொல்லும். மேலே வசனம் எந்த அடையாளமும் இல்லாமல் கம்பீரமாக நிற்கும். குறிப்பு எழுதியவர் முன்னால் இருந்தது வேறொரு ஆங்கில மொழிபெயர்ப்பு என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. அதனால் அந்தப் புத்தகத்தின் முன்பக்கத்தில் மூன்றைத் தேடுங்கள்: மூலக் குறிப்பாசிரியர் பெயர், மூலம் வெளிவந்த ஆண்டு, தமிழாக்கியவர் பெயர். மூன்றும் இருந்தால் நேர்மையான வேலை. "அனுபவமுள்ள ஊழியர்களால் தயாரிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் பின்னால் இருக்கும் ஒத்தவாக்கிய அட்டவணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிச் சண்டை போடவேண்டாம்; அன்பாகக் கொடுத்தது.

இனி பந்தல் புத்தகங்கள். இவற்றுக்கு ஒரே ஒரு சோதனை பெரும்பாலும் போதும். ஆசிரியர் தன் முக்கியமான கருத்துக்கு ஆதாரமாகக் காட்டும் வசனத்தை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் ஐந்தாறு வசனம் வாசியுங்கள். ஆசீர்வாதப் புத்தகங்களில் 3 யோவான் 2 கட்டாயம் இருக்கும்: "பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்." இதை வைத்து, விசுவாசி எல்லோருக்கும் பணமும் சுகமும் தேவனுடைய வாக்குத்தத்தம் என்று இருநூறு பக்கம் எழுதுவார்கள். முதல் வசனத்தைப் பாருங்கள். மூப்பன் ஒருவர் காயு என்ற நண்பருக்கு எழுதும் கடிதம் அது. நாம் "இங்கு நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்" என்று எழுதுவோமே, அந்த இடத்தில் வருகிற வரி.

கடைசிக் காலப் புத்தகங்களில் தேதி போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். 1988-இல் இரகசிய வருகை (விசுவாசிகளை எடுத்துக்கொள்ள இயேசு வருவது) நடக்கும் என்று 88 காரணங்களோடு ஒரு அமெரிக்கர் எழுதினார். நடக்கவில்லை என்றதும் கணக்கை அடுத்த வருஷத்துக்கு மாற்றி இன்னொன்று எழுதினார். ஹரால்டு கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் 1994 என்றார், பிறகு 2011 மே 21 என்றார். மே 22-உம் வந்தது.

பரலோகம் போய்வந்த சாட்சிகள் எப்போதும் நன்றாக விற்கும். அமெரிக்காவில் கார் விபத்தில் சிக்கிய ஒரு சிறுவன் பரலோகம் போய்த் திரும்பியதாக 2010-இல் ஒரு புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. 2015-இல் அவனே கடிதம் எழுதினான்: நான் சாகவில்லை, பரலோகத்துக்குப் போகவில்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னேன் என்று. பதிப்பகம் விற்பனையை நிறுத்தியது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை, மரியாதைதான். கோபமெல்லாம் ஒரு பிள்ளை சொன்னதை விசாரிக்காமல் அச்சடித்த பெரியவர்கள்மேல். சாட்சிப் புத்தகம் என்றால் ஊர், ஆண்டு, உடன் இருந்தவர்கள் யார் என்ற விவரம் இருக்கிறதா பாருங்கள். "வட இந்தியாவில் ஒரு கிராமத்தில் ஒரு சகோதரன்" என்றே புத்தகம் முழுக்கப் போனால் கீழே வைத்துவிடலாம்.

இந்தக் குவியலில் நல்லதும் கிடக்கும். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) மறுபதிப்பாகக் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஜான் பனியன் என்பவரின் ஆங்கிலக் கதையை எடுத்துத் தமிழ்க் காப்பியமாகவே ஆக்கிவிட்டார் மனிதர். பிள்ளைகளுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும்.

அண்ணனுக்கு என்ன சொல்வது? ஞாயிறு பள்ளி எடுப்பவருக்கு இ.எஸ்.வி. ஸ்டடி பைபிள் (2008) அல்லது என்.ஐ.வி. ஸ்டடி பைபிள் (1985-இல் வந்தது, திருத்திய பதிப்பு கேட்கவும்) என்று சொல்லுங்கள். இ.எஸ்.வி., என்.ஐ.வி. இரண்டும் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் சுருக்கப் பெயர். இ.எஸ்.வி.யில் 95 அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். சீர்திருத்தச் சபைச் சாய்வு உண்டு. ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் போன்ற இடத்தில் மற்றப் பார்வைகளையும் சொல்லிவிட்டே போகும். மாமாவின் சபை எப்படி யோசிக்கிறது என்று தெரிய ஃபுல் லைஃப் உதவும். அதை இரண்டாவதாக வாங்குங்கள், முதலாவதாக வேண்டாம். பாடம் தயாரிக்கும்போது முதலில் தமிழில் பகுதியைக் குறிப்பில்லாமல் இருமுறை வாசியுங்கள். இடறுகிற இடத்தில் மலையாளத்தைப் பாருங்கள், முடிந்தால் திருவிவிலியத்தையும். உங்கள் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு, அதற்கப்புறம் கோட்டுக்குக் கீழே போங்கள். இந்த வரிசையை மாற்றினால் குறிப்பு எழுதியவரின் கேள்விதான் உங்கள் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும்.

இன்னொன்று, இ.எஸ்.வி. ஸ்டடி பைபிள் 2,700 பக்கத்துக்கு மேல், செங்கல் கனம். எழுத்து அளவு எவ்வளவு என்று அண்ணன் கடையில் திறந்து பார்த்தே வாங்கட்டும். குறிப்பு எழுத்து பொடியாக இருக்கும். வகுப்புக்கு அதைச் சுமந்து போகவேண்டாம், வீட்டு மேஜையில் இருக்கட்டும். வகுப்புக்குப் பழைய திருப்புதலையே கொண்டுபோங்கள், பிள்ளைகள் கையிலும் அதுதானே இருக்கிறது.